நோட் வெர்பால் என்றால் வாய்மொழி அல்ல: தூதரகச் சொற்களோடு மல்லுக்கட்டப் போகிறவர்களுக்கு

சென்னையில் ஒரு துணைத் தூதரகத்தில் உள்ளூர்ப் பணியாளராகச் சேர்ந்தபோது, ஆங்கிலம் நன்றாகத் தெரியும் என்ற தைரியம் எனக்கு நிறையவே இருந்தது. இரண்டாவது வாரம் ஒரு கோப்பைக் கையில் கொடுத்து, "ஒரு நோட் வெர்பால் அனுப்பிடுங்க, மத்தியானத்துக்குள்ள போகணும்" என்றார்கள். வெர்பால் என்றால் வெர்பல்தானே, வாய்மொழிதானே என்று நினைத்துக்கொண்டு, உரிய அலுவலகத்துக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு, "சொல்லியாச்சு சார்" என்று வந்து உட்கார்ந்தேன். அதிகாரி என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. நோட் வெர்பால் என்பது தூதரகம் எழுத்தில் அனுப்பும் முறையான குறிப்பு. அன்றைய குறிப்பு, அந்தத் தூதரகத்தின் நாட்டிலிருந்து வரவிருந்த ஒரு குழுவை விமான நிலையத்துக்குள் சென்று வரவேற்க அனுமதி கேட்பது. எழுத்தில் போகாததால் அனுமதி வரவில்லை, எங்கள் அதிகாரி வாடகைக் கார் ஓட்டுநர்களோடு வெளியே பெயர்ப்பலகை பிடித்து நின்றார்.

அப்புறம் ஒரு வருடம் அடிபட்டுக் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். தூதரகத்தில் சேர்பவர்கள் மட்டுமல்ல, நாளிதழில் வெளிநாட்டுச் செய்தி மொழிபெயர்ப்பவர்கள், மாதிரி ஐ.நா. அவைக்குத் தயாராகும் மாணவர்கள் எல்லோருக்கும் இது உதவும். பிரெஞ்சும் லத்தீனும் இந்தத் தொழிலுக்குள் எப்படி வந்தன என்ற கதையை விட்டுவிடுகிறேன், அது தெரியாமலே வேலை பார்க்கலாம். ஆனால் ஒன்று. இந்தச் சொற்களுக்கு அகராதியில் அர்த்தம் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். யார் எழுதுவது, யார் ஒப்பமிடுவது, எத்தனை நாளில் என்ன ஆகும் என்பதுதான் மீதிப் பாதி.

1. காசைச் செலவழிக்கும் முன் இலவசமாக இருப்பதைப் பாருங்கள்

லஸ் கார்னர் பழைய புத்தகக் கடையில் ஒரு தடிமனான ராஜதந்திர அகராதியை 900 ரூபாய்க்கு வாங்கினேன். அதில் எனக்கு வேலைக்கு ஆனது நாற்பது சொல் இருந்தால் அதிகம். நீங்கள் வாங்காதீர்கள். ஐ.நா.வின் 'யுஎன்டெர்ம்' என்ற சொல்வங்கி இணையத்தில் இலவசம், அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யம், ஸ்பானிஷ் என ஆறு மொழியிலும் ஒரே சொல் எப்படி வழங்குகிறது என்று காட்டும். ஐ.நா. ஒப்பந்தத் தொகுப்பும் இலவசம்தான், எந்த நாடு எந்த ஒப்பந்தத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தது என்பது வரை அதில் இருக்கும்.

அகராதிக்குப் பதில் மூன்று வியன்னா உடன்படிக்கைகளைப் படியுங்கள். தூதரக உறவு பற்றிய 1961 உடன்படிக்கை (53 பிரிவுகள்), துணைத் தூதரக உறவு பற்றிய 1963 உடன்படிக்கை (79 பிரிவுகள்), ஒப்பந்தச் சட்டம் பற்றிய 1969 உடன்படிக்கை (85 பிரிவுகள்). முதலாவதை மட்டும் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக்கொள்ளுங்கள், செலவு ஒரு சாப்பாட்டுக் காசு கூட ஆகாது. நான் தினமும் பேருந்தில் நாலு பிரிவு என்று இரண்டு வாரத்தில் முடித்தேன். நாம் பயப்படும் சொற்களில் பாதி அதற்குள்ளேயே, அவை வேலை செய்யும் இடத்திலேயே கிடக்கும்.

பிரெஞ்சு வகுப்பில் சேர வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். மொழி பிடித்திருந்தால் சேருங்கள், இந்தச் சொற்களுக்காக மட்டும் வேண்டாம். உச்சரிப்பு தெரிந்தால் போதும்: டெமார்ஷ், அக்ரெமோ(ன்), எய்ட் மெம்வார், ஷார்ஷே தாஃபேர், அட்டாஷே (தூதரகத்தில் ஒரு துறையைப் பார்க்கும் அதிகாரி), கொம்யூனிக்கே (அதிகாரபூர்வ அறிக்கை). உச்சரிப்பில் தப்பினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எழுத்தில் எழுத்துமேல் வரும் கீற்றை விட்டால் மேலதிகாரி சிவப்புப் பேனாவோடு வருவார்.

2. முதலில் காகிதங்களை அடையாளம் காணுங்கள்

நோட் வெர்பால் என்பதை முதன்முதலாக நிஜமாகக் கையில் வாங்கிப் பார்த்தபோது, அது கடிதம் மாதிரியும் இருந்தது, கடிதம் மாதிரியும் இல்லை. மேலே இடப்பக்கம் ஒரு எண். "ஐயா" இல்லை, "அம்மா" இல்லை. நேராக, இன்ன நாட்டின் தூதரகம் இன்ன அமைச்சகத்துக்குத் தன் வணக்கத்தைத் தெரிவித்துக்கொண்டு, பின்வருவதை அறிவிக்கும் பெருமையைப் பெறுகிறது என்று ஆரம்பம். அப்புறம் விஷயம். முடிவில், தன் உயர்ந்த மதிப்பை மீண்டும் உறுதிசெய்ய இந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்கிறது என்று ஒரு நீண்ட வாக்கியம். அதற்குக் கீழே ஊர், தேதி, வட்ட முத்திரை, முத்திரையை ஒட்டி ஒரு சுருக்கொப்பம். பெறுநர் முகவரி கடைசியில், இடது கீழ்ப்பக்கம். முழுக் கையெழுத்து எங்குமே இல்லை.

இதில் புதியவர்கள் விழும் குழிகள் இவை. 'நான்', 'நாங்கள்' என்று எழுதிவிடுவோம். பேசுவது அலுவலகம், ஆள் அல்ல, முழுவதும் படர்க்கையில்தான் போக வேண்டும். பெயர் போட்டு முழுக் கையெழுத்து வாங்கிவிடுவோம். அப்படிச் செய்தால் அது வேறு காகிதம் ஆகிவிடும். எண் போட மறந்துவிடுவோம். பதில் வரும்போது அவர்கள் அந்த எண்ணைத்தான் குறிப்பிடுவார்கள், எண் இல்லாத குறிப்புக்குப் பதில் தேடி அலைவது தனி வேதனை. வணக்கமும் மதிப்பும் வெறும் அலங்காரம் என்று நினைத்து வெட்டிச் சுருக்குவதும் உண்டு. வெட்டவே வெட்டாதீர்கள். கோபத்தைக் காட்ட விரும்பும் நாடு சில சமயம் அந்த வரிகளைத்தான் வேண்டுமென்றே விட்டுவிடும், நீங்கள் இடமில்லை என்று விட்டதை அவர்கள் வேறு மாதிரி படிப்பார்கள்.

கையொப்பமிட்டு, தன்மையில் எழுதுவது தனிக் குறிப்பு. தூதரே அமைச்சருக்கு எழுதும்போது, விஷயம் பெரிதாக இருக்கும்போது அது வரும்.

எய்ட் மெம்வார் என்பது நினைவுக் குறிப்பு. நேரில் பேசிவிட்டு, பேசியதை மறக்காமல் இருக்க மேசையில் வைத்துவிட்டு வரும் தாள். பெறுநர் பெயர், வணக்கம் எதுவும் கிடையாது.

அடுத்தது எனக்கு இரண்டாவது பாடம் கற்பித்தது: நான்-பேப்பர். காகிதமல்லாத காகிதம். ஒரு யோசனையை எதிர்த்தரப்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்று ஆழம் பார்க்கத் தருவது, நாளைக்கு "நாங்கள் அப்படி எதுவும் தரவில்லையே" என்று சொல்லவும் வசதியாக. தலைப்பு இல்லை, எண் இல்லை, முத்திரை இல்லை, சில சமயம் எந்த நாடு என்றுகூட இருக்காது. இப்படி ஒரு வெள்ளைத் தாளை அச்செடுக்கச் சொன்னார்கள். மொட்டையாக இருக்கிறதே, கொஞ்சம் லட்சணமாக இருக்கட்டும் என்று அலுவலகத் தலைப்புத் தாளில் ஏற்றிக் கொண்டுபோய் நீட்டினேன். அதிகாரி ஒரு வார்த்தை பேசவில்லை. தாளை நாலாகக் கிழித்து, துண்டுகளைத் தன் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டார். குப்பைக்கூடையில்கூட விழக் கூடாதாம்.

நேரக் கணக்கு: விமான நிலைய அனுமதி, வாகனம், பாதுகாப்பு மாதிரி எதற்குக் குறிப்பு அனுப்பினாலும், கடைசித் தேதிக்கு ஒரு வாரமாவது முன்னால் போய்ச்சேரும்படி பாருங்கள். நடுவில் அரசு விடுமுறை வருகிறதா என்று காலண்டரைப் பாருங்கள், பொங்கல் வாரத்தில் மாட்டினால் கதை முடிந்தது. நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணம் எதுவும் இல்லை, ஆட்டோ காசு மட்டும்தான்.

3. எல்லோரையும் 'தூதர்' என்று எழுதாதீர்கள்

நம் செய்தித்தாள்களில் சென்னையில் இருப்பவரும் தூதர், டெல்லியில் இருப்பவரும் தூதர். தூதர் டெல்லியில்தான் இருப்பார். சென்னையில் இருப்பவர் கான்சல் ஜெனரல், தலைமைத் துணைத் தூதர். காமன்வெல்த் நாடுகள் தங்களுக்குள் தூதர் என்ற சொல்லையே பயன்படுத்தாமல் ஹை கமிஷனர் என்பார்கள். சென்னையில் பிரிட்டனுக்கும் இலங்கைக்கும் இருப்பது துணை ஹை கமிஷன். ஆனால் மலேசியாவும் சிங்கப்பூரும் காமன்வெல்த் நாடுகளாக இருந்தும் இங்கே வைத்திருப்பது கான்சுலேட் ஜெனரல். ஆகவே விதியை வைத்து ஊகிக்காமல் அந்தந்த அலுவலகம் தன்னை எப்படி எழுதிக்கொள்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

ஷார்ஷே தாஃபேர் என்பதில் இரண்டு வகை. தூதர் ஊரில் இல்லாதபோதோ, பதவி காலியாக இருக்கும்போதோ பொறுப்பைப் பார்ப்பவர் 'அட் இன்டெரிம்', இடைக்காலப் பொறுப்பாளர். அந்த நாட்டில் தலைமைப் பதவியே அந்த அளவில்தான் என்று நியமிக்கப்பட்டவர் இன்னொரு வகை. ஒப்பமிடும்போது 'அட் இன்டெரிம்' என்ற இரண்டு சொல்லை விட்டால் ஒருவகையைச் சேர்ந்தவரை இன்னொரு வகையில் ஏற்றிவிடுகிறீர்கள். இது வெறும் சம்பிரதாயம் என்று தோன்றினால் இந்தியா-பாகிஸ்தானைப் பாருங்கள்: 2019 ஆகஸ்டில் உறவைத் தரம் குறைத்ததிலிருந்து இரண்டு தலைநகரிலும் ஹை கமிஷனர்கள் இல்லாமல் பொறுப்பாளர்களே அலுவலகத்தை நடத்திவந்தார்கள். நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதே ஒரு செய்தி.

துணைத் தூதரகத்தில் சேர்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு சொல் எக்ஸெக்வாட்டர். கான்சல் ஜெனரல் விமானத்தில் வந்து இறங்கிவிட்டதாலேயே வேலையைத் தொடங்கிவிட முடியாது. அவருடைய நாடு நியமன ஆணை தர வேண்டும், ஏற்கும் நாடு எக்ஸெக்வாட்டர் என்ற அனுமதி தர வேண்டும். 1963 உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு இது. அது கைக்கு வர நாளாகும் என்பதால் தற்காலிக அனுமதிக்கு 13ஆம் பிரிவில் வழி இருக்கிறது. புதியவர் வருகிறார் என்றதும் விசிட்டிங் கார்டு அச்சடிக்கவும், முதல்வரைச் சந்திக்க நேரம் கேட்கவும் ஓடாதீர்கள். முதலில் இந்தத் தாள் வந்துவிட்டதா என்று கேளுங்கள்.

4. மௌனம் எங்கே சம்மதம், எங்கே மறுப்பு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

ஒருவரைத் தூதராக அனுப்பும் முன், ஏற்கும் நாட்டின் சம்மதத்தைக் கேட்க வேண்டும். அதுதான் அக்ரெமோன், 1961 உடன்படிக்கையின் 4ஆம் பிரிவு. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று அதே பிரிவு சொல்கிறது. கால அளவு எதுவும் இல்லை. ஆகவே எந்த நாடும் பொதுவாக 'இல்லை' என்று எழுதித் தராது, பேசாமல் இருந்துவிடும். 2015இல் இஸ்ரேல், டானி டயான் என்பவரை பிரேசிலுக்குத் தூதராக அறிவித்தது. அவர் மேற்குக் கரைக் குடியேற்றங்களின் அமைப்புக்குத் தலைமை வகித்தவர். பிரேசில் மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை, மாதக்கணக்கில் பதிலே தரவில்லை. 2016 மார்ச்சில் இஸ்ரேல் அவரை நியூயார்க்குக்குத் தலைமைத் துணைத் தூதராக மாற்றியது. இங்கே மௌனம் மறுப்பு. கேட்டுவிட்டுக் காத்திருக்கும்போது பெயர் வெளியே கசியாமல் பார்த்துக்கொள்வது கீழ்மட்ட ஊழியர்களின் கடமையும்தான், ஏனென்றால் கசிந்த பெயர் திரும்பி வந்தால் அவமானம் இரு தரப்புக்கும்.

இதற்கு நேர் எதிரானது மௌன நடைமுறை. வரைவை எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, இன்ன நேரத்துக்குள் யாரும் எதிர்க்காவிட்டால் நிறைவேறியதாகக் கொள்ளப்படும் என்பார்கள். கொரோனா காலத்தில், 2020 மார்ச் இறுதியில், கூடிப் பேச முடியாத ஐ.நா. பொதுச்சபை இப்படித்தான் தீர்மானம் போட வழிசெய்துகொண்டது, கெடு 72 மணி நேரம். யாராவது எதிர்த்தால் 'மௌனத்தை உடைத்தார்கள்' என்பார்கள். இங்கே மௌனம் சம்மதம்.

ஆகவே மின்னஞ்சலில் 'சைலன்ஸ்' என்ற சொல்லைப் பார்த்தால் உடனே இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கெடு எப்போது, எந்த ஊர் நேரப்படி. நியூயார்க் மாலை 5 மணி நமக்கு நள்ளிரவு தாண்டி 2.30 அல்லது 3.30, பருவத்தைப் பொறுத்து. நம் ஊர் மாலை 5 மணி என்று நினைத்து அதற்குள் பதில் அனுப்பிவிட்டால் பரவாயில்லை, தப்பித்தீர்கள். ஜெனீவாவிலிருந்து வரும் நண்பகல் கெடுவை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் தப்பிக்க முடியாது.

5. செய்தித்தாள் மொழியை அப்படியே நம்பாதீர்கள்

2025 ஏப்ரல் 23 அன்று, பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு இந்தியா அறிவித்த நடவடிக்கைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அறிவிப்பில் பாடத்திட்டமே இருக்கிறது. டெல்லியில் இருந்த பாகிஸ்தானின் பாதுகாப்பு ஆலோசகர்கள் 'பெர்சோனா நான் கிராட்டா' என்று அறிவிக்கப்பட்டு ஒரு வாரத்தில் வெளியேறச் சொல்லப்பட்டார்கள். 1960 சிந்து நதி ஒப்பந்தம் 'அபேயன்ஸ்' நிலையில் வைக்கப்பட்டது.

அபேயன்ஸ் என்றால் நிறுத்திவைப்பு. ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது, செயல்படவில்லை. அன்று நான் பார்த்த தமிழ்த் தலைப்புகளில் பல 'ரத்து' என்றே போட்டன. ரத்து என்றால் செத்துவிட்டது. தலைப்பில் நாலு எழுத்து மிச்சமாகலாம், விஷயம் தலைகீழாகிவிடுகிறது.

பெர்சோனா நான் கிராட்டாவுக்கு 'விரும்பத்தகாத நபர்' என்பது பழகிவிட்ட தமிழ், சரிதான். காரணம் சொல்லத் தேவையில்லை, ஆள் வந்து சேரும் முன்பே கூட அறிவிக்கலாம் என்கிறது 1961 உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு. பலருக்குத் தெரியாதது: இந்தச் சொல் தூதரக அதிகாரிகளுக்கு மட்டும். அதே அலுவலகத்தின் கணக்கரையோ ஓட்டுநரையோ அனுப்ப வேண்டுமானால் 'ஏற்கத்தக்கவர் அல்லர்' என்ற வேறு சொற்றொடர். கெடுவும் கோபத்தின் அளவுகோல். 2023 செப்டம்பரில் கனடா அதிகாரி ஒருவருக்கு இந்தியா 5 நாள் கொடுத்தது, 2025 மே 13 அன்று பாகிஸ்தான் ஹை கமிஷன் அலுவலர் ஒருவருக்கு 24 மணி நேரம். மொழிபெயர்க்கும்போது எதை விட்டாலும் அந்த மணிக்கணக்கை விடாதீர்கள்.

டெமார்ஷ் என்பது ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் தன் நிலையை முறைப்படி எடுத்துரைப்பது. கண்டனமாக இருக்கலாம், வேண்டுகோளாகவும் இருக்கலாம், ஐ.நா. வாக்கெடுப்பில் ஆதரவு கேட்டுப் போவதும் டெமார்ஷ்தான். எல்லாவற்றையும் 'கண்டனம்' என்று எழுதினால், ஓட்டுக் கேட்க வந்தவரைச் சண்டைக்காரராக்கிவிடுவோம். 'தூதருக்குச் சம்மன்' என்பதும் எனக்கு ஒப்பாது. படிப்பவருக்குக் கோர்ட் ஞாபகம்தான் வரும். 'நேரில் அழைத்தது' என்றால் போதும்.

ஆலோசனைக்காகத் தூதரைத் திரும்ப அழைப்பது உறவு முறிவு அல்ல, முறைத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போவது மாதிரி. 2021 செப்டம்பரில், ஆஸ்திரேலியா பிரான்ஸின் நீர்மூழ்கிக் கப்பல் பேரத்தைக் கைவிட்ட விவகாரத்தில் பிரான்ஸ் அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் தூதர்களை அழைத்துக்கொண்டது, வாஷிங்டன் தூதர் அந்த மாதமே திரும்பிப் போனார்.

6. தீர்மானத்தில் வினைச்சொல்லை வட்டமிடுங்கள்

ஐ.நா. தீர்மானம் ஒன்றைக் கையில் எடுத்தால் ஒவ்வொரு பத்தியின் முதல் சொல்லையும் பென்சிலால் வட்டமிடுங்கள். குறித்துக்கொள்கிறது, நினைவுகூர்கிறது, கவலை தெரிவிக்கிறது, ஊக்குவிக்கிறது, அழைப்பு விடுக்கிறது, வலியுறுத்துகிறது, கோருகிறது, முடிவுசெய்கிறது. இது ஒரு ஏணி. ஒரு படி ஏற்றி எழுதினாலும் இறக்கி எழுதினாலும் தப்பு.

'குறித்துக்கொள்கிறது' என்பதைப் பலர் 'வரவேற்கிறது' என்ற தொனியில் எழுதுகிறார்கள். பொதுச்சபையே 2001இல் ஒரு முடிவு எடுத்து, அது நடுநிலைச் சொல், ஒப்புதலும் இல்லை மறுப்பும் இல்லை என்று தெளிவுபடுத்தியிருக்கிறது.

நமக்கு நெருக்கமான உதாரணம் இலங்கை பற்றிய ஜெனீவா தீர்மானங்கள். 2012 மார்ச் 22 அன்று மனித உரிமைகள் பேரவையில் நிறைவேறிய 19/2 தீர்மானத்துக்கு ஆதரவு 24, எதிர்ப்பு 15, நடுநிலை 8. இந்தியா ஆதரித்தது. அதில் ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகம் இலங்கைக்கு ஆலோசனையும் தொழில்நுட்ப உதவியும் தர 'ஊக்குவிக்கப்பட்டது', அதுவும் இலங்கை அரசைக் கலந்து, அதன் 'இசைவோடு'. இசைவு என்ற அந்த ஒரு சொல்லால் சாவி யார் கையில் போனது என்று பாருங்கள். 2014இல் 25/1 தீர்மானத்தில், விரிவான விசாரணை நடத்தும்படி அந்த அலுவலகம் 'கேட்டுக்கொள்ளப்பட்டது'. ஆதரவு 23, எதிர்ப்பு 12, நடுநிலை 12, இந்தியா அந்தப் பன்னிரண்டில். இரண்டு தீர்மானங்களுக்கும் நம் ஊரில் ஏறக்குறைய ஒரே மாதிரி தலைப்புதான் வந்தது. படித்துப் பார்த்தால் ஊக்குவிப்புக்கும் விசாரணைக்கும் இடையில் எவ்வளவு தூரம்!

பாதுகாப்புச் சபையில் இன்னும் கவனம் தேவை. 'தேவையான எல்லா வழிகளிலும்' என்றால் ராணுவம் என்று அர்த்தம், குவைத் விவகாரத்தில் 1990இன் 678ஆம் தீர்மானம் அப்படித்தான் சொன்னது. ஈராக் பற்றிய 2002இன் 1441ஆம் தீர்மானம் 'கடுமையான விளைவுகள்' என்றது, அது போருக்கு அனுமதியா இல்லையா என்று இன்றுவரை சண்டை. ஒரு மொழிப் பிரதியை மட்டும் வைத்து முடிவுக்கு வருவதும் ஆபத்து: 1967இன் 242ஆம் தீர்மானத்தில் இஸ்ரேல் படைகள் விலக வேண்டிய 'பிரதேசங்கள்' என்ற சொல்லுக்கு முன் ஆங்கிலத்தில் 'தி' (the) என்ற சுட்டும் சொல் இல்லை, பிரெஞ்சில் அதற்கு ஈடானது இருக்கிறது. எல்லாப் பிரதேசங்களுமா, சிலவா என்ற வாதம் அந்தச் சின்ன இடைவெளியில்தான் நடக்கிறது. தமிழில் நமக்கு 'தி' மாதிரி ஒரு சொல்லே கிடையாது, ஆகவே 'அந்த', 'எல்லா' என்று நீங்களாகச் சேர்த்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டீர்கள்.

கூட்டறிக்கையில் 'வெளிப்படையாகப் பேசினார்கள்' என்று வந்தால் உள்ளே சண்டை நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 'பயனுள்ளதாக இருந்தது' என்றால் ஒன்றும் நடக்கவில்லை. இது என் அனுபவக் கணக்கு, எங்கும் எழுதிவைக்கப்படவில்லை.

7. கையெழுத்தானது என்றால் முடிந்தது என்று எழுதாதீர்கள்

கையெழுத்து, ஏற்புறுதி (கையெழுத்திட்டதை நாடு முறைப்படி ஏற்று உறுதிசெய்வது), நடைமுறைக்கு வருதல் என்று மூன்று கட்டம், ஒவ்வொன்றுக்கும் வேறு தேதி. இந்தியா சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1997 அக்டோபர் 14 அன்று கையெழுத்திட்டது, ஏற்புறுதி இன்னும் செய்யவில்லை. கடல் சட்ட உடன்படிக்கை 1982 டிசம்பரில் கையெழுத்துக்குத் திறக்கப்பட்டு, 60 நாடுகள் ஏற்று, அதற்குப்பின் ஒரு வருடம் கழிந்து 1994 நவம்பர் 16 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. 'அட் ரெஃபரென்டம்' என்று அடைப்புக்குள் போட்டுக் கையெழுத்திட்டால், தலைநகரம் உறுதிசெய்த பிறகே அது கையெழுத்தாகக் கணக்காகும்.

ஒப்பந்தம் என்ற பெயர் இல்லாத காகிதமும் கட்டுப்படுத்தும். கச்சத்தீவு பற்றிப் பேசும்போது எல்லோரும் 1974 உடன்பாட்டை எடுப்பார்கள். இந்திய மீனவர்களும் பக்தர்களும் பயண ஆவணமின்றிப் போய்வரலாம் என்பது அதில். ஆனால் இலங்கைக் கடற்பரப்பில் அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்பது வந்தது 1976 மார்ச்சில் இரு நாட்டு வெளியுறவுச் செயலர்கள் மாற்றிக்கொண்ட கடிதங்களில். கடிதப் பரிமாற்றம் என்ற வடிவத்தை 'வெறும் கடிதம்' என்று தாண்டிப் போனால் பிரச்சினையின் பாதி கண்ணில் படாது. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடும் இப்படிக் கடிதங்கள் இணைந்திருக்கின்றன. ஆகவே கோப்பில் இணைப்பு இருக்கிறதா என்று கடைசிப் பக்கம் வரை புரட்டுங்கள்.

8. பணம் சம்பந்தப்பட்ட மூன்று சொற்கள்

கிராட்டிஸ்: இலவசம். விசாவில் இந்த முத்திரை இருந்தால் கட்டணம் இல்லை என்று பொருள். சேவை மையக் கட்டணம் அதில் அடங்குமா என்பதைத் தனியாகக் கேளுங்கள்.

எக்ஸ் கிரேஷியா: பொறுப்பை ஏற்காமல் தரும் தொகை. 1988இல் அமெரிக்கக் கப்பல் ஈரான் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியதில் 290 பேர் இறந்தார்கள். 1996இல் ஈரானியர்களின் குடும்பங்களுக்கு 6.18 கோடி டாலர் தர அமெரிக்கா ஒப்புக்கொண்டது, சட்டப் பொறுப்பை ஏற்காமல், எக்ஸ் கிரேஷியாவாக. இதை 'நஷ்டஈடு' என்று எழுதினால், அவர்கள் ஒப்புக்கொள்ளாத குற்றத்தை நாம் ஒப்புக்கொள்ள வைத்துவிடுகிறோம்.

அப்போஸ்டில்: இந்தப் பட்டியலில் சாதாரண ஆள் காசு கொடுத்து வாங்கும் ஒரே சொல். பட்டச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ வெளிநாட்டில் செல்லுபடியாக வைக்கும் சான்று. தலைப்பு பிரெஞ்சில், 1961 அக்டோபர் 5 ஹேக் உடன்படிக்கை என்ற குறிப்போடு இருந்தாக வேண்டும். உள்ளே பத்து எண்ணிட்ட வரிகள். இந்தியாவில் 2005இலிருந்து நடைமுறையில் உள்ளது. படிகள்: முதலில் மாநில அரசின் சான்று, கல்விச் சான்றிதழுக்கு ஒரு துறை, பிறப்பு-திருமணச் சான்றிதழுக்கு வேறு துறை. அப்புறம் வெளியுறவு அமைச்சகம். அமைச்சகக் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய்தான், அதன்மேல் சேவை நிறுவனத்தின் கட்டணம் சேரும். ஏஜென்ட் ஆயிரக்கணக்கில் கேட்டால் எது எதற்கு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். நாள் இழுப்பது பெரும்பாலும் மாநிலப் படியில், பல்கலைக்கழகத்திடம் உண்மைத்தன்மை கேட்டு எழுதுவார்கள். அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: போகிற நாடு அந்த உடன்படிக்கையில் இருக்கிறதா? சிங்கப்பூர் 2021இல் வந்துவிட்டது, சீனா 2023 நவம்பரிலிருந்து, கனடா 2024 ஜனவரியிலிருந்து. சேராத நாடாக இருந்தால் அப்போஸ்டில் வீண், அந்த நாட்டுத் தூதரகத்தில் தனிச் சான்று வாங்க வேண்டும். என் மச்சானுக்கு வளைகுடா வேலைக்காக இரண்டு முறை பணம் கட்டினோம், நான் தூதரகத்தில் வேலை பார்த்துக்கொண்டே.

9. அழைப்பிதழும் அட்டையும்

ஆர்.எஸ்.வி.பி. என்பதே 'தயவுசெய்து பதில் தருக' என்பதன் பிரெஞ்சுச் சுருக்கம், அதன் முன்னால் இன்னொரு 'தயவுசெய்து' போடாதீர்கள். 'வர இயலாவிடில் மட்டும்' என்று இருந்தால், வருபவர்கள் போன் செய்ய வேண்டாம். நான் செய்தேன், முப்பது பேர் சார்பில். பி.எம். என்று வந்தால் ஏற்கெனவே ஒத்துக்கொண்டதற்கு நினைவூட்டல், திரும்பப் பதில் தேவையில்லை.

விசிட்டிங் கார்டின் இடது கீழ் மூலையில் பென்சிலால் சிறிய எழுத்தில் எழுதும் வழக்கம் இன்னும் சில அலுவலகங்களில் இருக்கிறது. பி.பி.சி. என்றால் ஊரைவிட்டு மாற்றலாகிப் போகிறவர் விடைபெறுகிறார். பி.ஆர். நன்றி. பி.எஃப். வாழ்த்து. பி.சி. இரங்கல். தேசிய தினத்துக்கு அனுப்பும் அட்டைக் கட்டுக்குள் ஒரு பி.சி. கலந்துவிடாமல் இரண்டு பேராகச் சரிபார்த்து, உறையை அதன்பிறகே ஒட்டுங்கள்.